திருப்பித் தர ஒரு வாசல் இருக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

தீபாவளி நெருங்கினால் நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு சமாச்சாரம் தவறாமல் வரும். ஒன்று பட்டாசு விலைப்பட்டியல். இன்னொன்று ஏதாவது ஒரு கடையின் சிசிடிவி வீடியோ. ஒரு தடவை சாத்தூர் ரோட்டுக் கடையாக இருக்கும், ஒரு தடவை விருதுநகர் பஜாராக இருக்கும். காட்சி மட்டும் மாறாது. கூட்ட நேரம், ஒரு கை நீளும், ஒரு பாக்கெட் கட்டைப் பைக்குள்ளோ சட்டைக்குள்ளோ போகும். யாரோ அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். கீழே 'இவரைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும், அதிகம் பகிரவும்' என்று எழுதியிருக்கும். அரை மணி நேரத்தில் அதே வீடியோ நாலு குழுக்களில் இருந்து நமக்கு வந்து சேரும்.

இப்படிப் பகிர்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பகிர்கிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்து வகுப்பறைகளில் 34 வருஷம் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

கடையில் சின்னப் பொருளைத் திருடுவது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தப்பைத் திருத்துகிற ஆசிரியர் ஒருவர் திருடியவனின் மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் உறுத்தல் என்கிறோம். ஊரைக் கூட்டி அவனை அவமானப்படுத்தும் நாளில் அந்த ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போய்விடுகிறார். பிறகு அவனுக்குப் பாடம் எடுக்க ஆள் இல்லை. இதுதான் என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர் பக்கம் நின்று பேசுவோம். 'பெரிய கடைதானே, ஒரு சாக்லேட் போனால் என்ன குறைந்துவிடும்' என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கடைக்காரருக்கு ஒரு ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் களவு போனால் அவர் போட்ட முதல் ஒன்பது ரூபாய் போச்சு. அதை எடுக்க இன்னும் ஒன்பது பாக்கெட் விற்க வேண்டும். அந்த ஒன்பது பாக்கெட்டும் விற்று முடியும்வரை அவர் சும்மா உழைக்கிறார். பெரிய சூப்பர் மார்க்கெட் என்றால் முதலாளிக்குத் தெரியாமல்கூடப் போகலாம். இருப்பு எடுக்கும்போது குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது ராக்கையில் பொருள் அடுக்கும் பெண்தான். சம்பளத்தில் பிடித்தார்கள் என்று என்னிடம் படித்த பிள்ளைகளே வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இதைச் 'சின்னத் தப்பு' என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எடுக்கிறவர்கள் யார்? ஏழைகள்தான் எடுப்பார்கள் என்று பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. என் அனுபவம் அப்படி இல்லை. பையில் காசு வைத்துக்கொண்டே, கூட இருக்கும் பயல்கள் 'உனக்குத் தைரியம் இருந்தா எடுடா' என்று சொன்னதற்காக எடுத்த பிள்ளைகள் உண்டு. மாதக் கடைசியில் குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க முடியாமல் எடுத்த தாய் உண்டு. இவர்கள் தவிர மூன்றாவது வகை ஒன்று உண்டு. மறதி நோய் வந்த பெரியவர்கள். கையில் எடுத்த பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதே நினைவில்லாமல் வெளியே நடந்துவிடுவார்கள். கேமராவுக்கு மூன்று பேரும் ஒன்றுதான். அது கையைப் படம் பிடிக்கும், காரணத்தைப் படம் பிடிக்காது.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பது மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் புதுப் பாடமும் இல்லை. சிலம்பைத் திருடினான் என்று ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பித்தான் கோவலனைக் கொன்றார்கள். உண்மையில் அரண்மனைச் சிலம்பை எடுத்தவன் அந்தப் பொற்கொல்லன்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனாலும் சிவப்பு வட்டத்தைப் பார்த்தவுடன் மறந்துவிடுகிறோம்.

சரி, இந்த உறுத்தல் என்பது நிஜமாகவே வேலை செய்யுமா? செய்யும். எத்தனை வருஷம் ஆனாலும் செய்யும்.

2024ஆம் ஆண்டு செய்திகளில் வந்த ஒரு விஷயம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர் ஒருவர். 1970களில், சின்ன வயதில், அக்கம்பக்கத்து மூதாட்டி ஒருவர் வீடு மாறும்போது சாமான் எடுத்து வைக்க உதவப் போயிருக்கிறார். அங்கே கண்ணில் பட்ட 37 ரூபாய் 50 சதத்தை எடுத்துக்கொண்டார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, கஷ்டப்பட்டு, கோவையில் சமையல் தொழிலில் முன்னேறி, பல பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். ஆனால் அந்த 37 ரூபாய் 50 சதம் மனசை விட்டுப் போகவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து அந்த மூதாட்டியின் வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து, இலங்கைக்கே போய், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 70,000 இலங்கை ரூபாய் கொடுத்திருக்கிறார். அவரை யாரும் பிடிக்கவில்லை. எந்தக் கேமராவிலும் அவர் விழவில்லை. போலீசுக்குப் போகாத வழக்கை அவர் மனசே ஐம்பது வருஷம் நடத்தி, கடைசியில் அவரே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

இன்னொன்று நம்ம பக்கத்திலேயே நடந்தது. 2024 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் 'கடைசி விவசாயி' படத்தின் இயக்குநர் மணிகண்டன் வீட்டில் திருட்டுப் போனது. பணம், நகையோடு அவருடைய தேசிய விருதுப் பதக்கங்களும் போயின. சில நாளில் அந்தப் பதக்கங்கள் மட்டும் ஒரு பையில் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தன. கூடவே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். உங்கள் உழைப்பு உங்களுக்கே சேரட்டும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார்கள். பணமும் நகையும் வரவில்லை. உறுத்தல் அங்கே பாதி வேலைதான் செய்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பாதி வேலையை யாரும் பார்க்காத நேரத்தில்தான் செய்தது என்பதைக் கவனியுங்கள். வாசலில் நாலு பேர் கேமராவோடு நின்றிருந்தால் அந்தப் பதக்கம் ஏதாவது கண்மாயில் கிடந்திருக்கும்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூட அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர், ஊர், கடை எதையும் சொல்லமாட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பையன். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். ஐப்பசி மாதம், கடையில் நல்ல கூட்டம். ஒரு பெட்டி கம்பி மத்தாப்பை எடுத்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறான். பிடித்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மத்தாப்பைக் கையில் பிடிக்க வைத்து, 'நான் திருடன்' என்று சொல்ல வைத்து, செல்போனில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "சார், எல்லாரும் என்னை மத்தாப்புன்னு கூப்பிடுறாங்க சார்." அவன் அம்மா என்னைப் பார்த்து, "நாள் பூரா இதே வெடி, மத்தாப்புலதான் சார் கெடக்கேன். கேட்டிருந்தா நான் வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா" என்று அழுதார்.

இரண்டு மூன்று தடவை போனேன். மேலும் சில ஆசிரியர்களும் போனார்கள். அவன் திரும்பி வரவே இல்லை. ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் தாள் அடுக்கப் போய்விட்டான். அந்த மத்தாப்புப் பெட்டியின் விலை ஐம்பது ரூபாய்கூட இருக்காது.

நான் அவனிடம் பேசியபோது கவனித்தது ஒன்று. எடுத்தது தப்பு என்ற பேச்சே அவனிடம் இல்லை. வீடியோ எடுத்தவன் மீது கோபம், சிரித்த பயல்கள் மீது கோபம், அம்மா மீதுகூடக் கோபம். அவன் மனசில் தப்புக்கு இடமே இல்லாமல் அவமானம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. தண்டனை கொடுத்தவர்கள் அவனுக்கு ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்: தப்பு செய்வது பிரச்சினை இல்லை, மாட்டுவதுதான் பிரச்சினை.

இதற்கு நேர் எதிராக ஓர் அண்ணாச்சியைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தார். பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், தேன்மிட்டாய், சேவு எல்லாம் இருக்கும். இடைவேளை மணி அடித்தால் முப்பது கைகள் ஒரே நேரத்தில் உள்ளே நீளும். யார் எடுத்தார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "தெரியும் சார். எடுத்துட்டுப் போறவன் மறுநாள் கடைப்பக்கம் பார்க்காம நடப்பான். அப்பக் கூப்பிட்டு, ஏ தம்பி, நேத்து காசு குடுக்க மறந்துட்டியேன்னு சொல்லுவேன். அம்புட்டுதான். சாயந்தரத்துக்குள்ள காசு வந்துரும்" என்றார்.

மறந்துட்டியே! அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். நீ திருடினாய் என்பது அவருக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது பையனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் தலை நிமிர்ந்து திரும்பி வர ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார். பி.எட். படிப்பில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பதினைந்து வயதில் அண்ணனின் கடனை அடைப்பதற்காக, அண்ணன் கையில் போட்டிருந்த தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடியதை அவரே எழுதியிருக்கிறார். மனசு பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தண்டனை கொடுக்கும்படி கேட்டு, படுக்கையில் இருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்தார். கண்ணீர் வழிந்தது. தாளைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அடிக்கவில்லை, ஊரைக் கூப்பிடவில்லை. அந்தத் தாளைக் கிழித்தாரே, அதுதான் முக்கியம். இன்றைய அப்பாவாக இருந்தால் அதைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருப்பாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கேமராவும் கூட்டமும் சேர்ந்தால் எதுவரை போகும் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. 2018 பிப்ரவரி 22, கோவையைத் தாண்டிக் கேரளத்து அட்டப்பாடி. மது என்கிற பழங்குடி இளைஞரைக் கடைகளில் அரிசி முதலான உணவுப் பொருட்களைத் திருடினார் என்று பிடித்துக் கட்டி அடித்தார்கள். அடித்தவர்கள் செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் 13 பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். சாப்பாட்டுச் சாமானுக்காக ஓர் உயிர். அந்தப் படத்தை எடுத்தவர்களும் பகிர்ந்தவர்களும் அந்த நிமிஷத்தில் நியாயத்தின் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நம்மைவிடச் சட்டம் நிதானமாக யோசித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டைப் பற்றிய 303ஆம் பிரிவைப் பாருங்கள். திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், தண்டனை சமூக சேவை. அதாவது திருப்பித் தர ஒரு வாசல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளைகளுக்குப் 'புதிய தொடக்கம்' என்பதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதன் 74ஆம் பிரிவு, வழக்கு விசாரணையில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீசும் பத்திரிகையும் காட்டக் கூடாத முகத்தை நாம் காட்டலாமா?

'இப்படி விட்டால் எல்லாரும் திருடுவார்கள் சார்' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கூட்டமாக வந்து, பையில் தனி அறை தைத்துக்கொண்டு, கடை கடையாகத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போலீஸ்தான் சரி. வீடியோவைப் போலீசிடம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நான் பேசுவது முதல் தடவை கை நீண்டவர்களைப் பற்றி.

யாரும் பார்க்காவிட்டால் நம்ம ஜனங்கள் நேர்மையாக இருக்கமாட்டார்கள் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பகுதி எழுந்து நின்றதே நம்பிக்கையில்தான். அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடுகளில் நடந்தது. சாமான் வீட்டுக்கு வரும், ஒட்டிய பெட்டி குரோஸ் கணக்கில் திரும்பிப் போகும். 144 பெட்டி ஒரு குரோஸ். இடையில் யாரும் வந்து நின்று பார்த்ததில்லை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து, அதைச் சேர்த்து நடத்திய பள்ளிக்கூடம் அது. உலை வைக்கும்போது அந்த ஒரு பிடியைப் பானையில் போட்டாளா இல்லையா என்று எந்தக் கேமரா பார்த்தது? யாரும் பார்க்காத இடத்தில் போட்ட பிடி அரிசியில்தான் நம்ம ஊர் படித்தது.

எங்கள் பள்ளியிலும் கொஞ்ச காலம் ஒரு மேசையில் பேனா, பென்சில், ரப்பர் வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்திருந்தோம். ஆள் கிடையாது. மாதக் கடைசியில் எண்ணுவோம். சில மாதம் குறையும். சில மாதம் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும்! முன்னால் எடுத்துப் போனவன் பின்னால் வந்து போட்டிருக்கிறான். யார் என்று நாங்கள் தேடவில்லை. தேடியிருந்தால் அந்தக் காசு வந்திருக்காது.

முடிப்பதற்கு முன் மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, கேமரா வையுங்கள். 'கேமரா உள்ளது' என்று பெரிதாக எழுதியும் போடுங்கள். யாராவது சிக்கினால் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசுங்கள். பொருளையோ காசையோ வாங்குங்கள். சின்னப் பிள்ளை என்றால் பெற்றோரை மட்டும் கூப்பிடுங்கள். போனை எடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் பையில் உங்களுக்குத் தெரியாத பொருள் இருந்தால் முதலில் கையை ஓங்காதீர்கள். அதே கடைக்கு அவனைக் கூட்டிப் போங்கள். வாயைத் திறந்து அவனே சொல்லட்டும். காசை அவன் சேர்த்து வைத்ததிலிருந்து கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள். சித்தி, மாமா, பாட்டி யாருக்கும் சொல்லாதீர்கள். பரீட்சையில் மார்க் குறைந்தால் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

கடைசியாக, இதை வாசிக்கும்போது எப்போதோ எடுத்த ஏதோ ஒரு பொருள் ஞாபகம் வந்து மனசு குறுகுறுக்கிறவர்களே, அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாமிக்கு அந்தக் காசு கடன் இல்லை. கடைக்காரருக்குத்தான் கடன். ஒரு கவரில் வைத்து, பெயர் எழுத வேண்டாம், 'பழைய பாக்கி' என்று மட்டும் எழுதிக் கல்லாவில் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். ஐம்பது வருஷம் கழித்துக் கடல் தாண்டிப் போய் ஒருவர் கொடுத்திருக்கிறார். நமக்கு அடுத்த தெருதானே.

இந்தத் தீபாவளிக்கும் ஒரு வீடியோ வரும். வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் ஏன் அழித்தேன் என்றும் ஒரு வரி சொல்லுங்கள்.

கடை வைத்திருக்கும் நண்பர்கள், குறிப்பாக என்னிடம் படித்து இப்போது கடை நடத்துகிறவர்கள், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எனக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.